விருந்துக்கு ஐந்து விதச் சமையல் தேவையில்லை

கடிதத்தின் சுருக்கம்: வசந்த காலம் வந்துவிட்டதால் வீட்டுத் தோட்டத்தில் 20 பேருக்கு மதிய விருந்து வைக்கப்போகிறார் ஒரு வாசகி. மாமனாருக்கு 68 வயது. சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்பவர். நாத்தனார் ஐந்து மாதக் கர்ப்பிணி. அவருடைய மூத்த குழந்தைக்கு இரண்டு வயது. அண்ணன் மகளுக்கு 9 வயது, வேர்க்கடலை ஒவ்வாது. விருந்தினரில் இருவர் அசைவம் தொடாதவர்கள். சென்ற முறை "ஆரோக்கியமாக" சமைத்ததில் சாலட்டெல்லாம் தண்ணீர் விட்டுக் கிண்ணத்திலேயே தங்கிவிட்டதாம். இந்த முறை எண்ணெய் அறவே இல்லை, சர்க்கரைக்குப் பதில் தேன், குளிர்பானத்துக்குப் பதில் பழச்சாறு, முளைகட்டிய பயறு சாலட் என்று திட்டம். சோற்றையும் கோழியையும் முதல் நாள் இரவே சமைத்து, ஆறுவதற்காகக் காலை வரை வெளியில் வைத்து, பிறகு ஃபிரிட்ஜில் வைக்கப்போகிறார். பூண்டும் மூலிகையும் ஊறிய எண்ணெயை ஒரு வாரம் முன்பே தயாரித்து வைக்கலாமா, வேர்க்கடலையைச் சாலட்டின் மேலே தூவினால் அந்தப் பெண் பொறுக்கிவிட்டுச் சாப்பிடலாம்தானே, தட்டுகளைத் தோட்டத்துப் பூக்களால் அலங்கரிக்கலாமா என்றும் கேட்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, "ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சமைக்க வேண்டுமா?" என்பதுதான் அவருடைய கவலை.

உணவியல் ஆலோசகர் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

தனித்தனியாகச் சமைக்க வேண்டாம். அப்படிச் சமைத்தால் நீங்கள் களைத்துப்போவீர்கள், மாமனாரும் "நோயாளித் தட்டு" முன்னால் சங்கடப்படுவார். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து பரிமாறாமல், பாகங்களாகப் பிரித்து மேசையில் வையுங்கள்: ஒரு தானியம், ஒரு பயறு, ஒரு கோழி, ஓவனில் வாட்டிய காய், பச்சைக் காய், இரண்டு டிரெஸ்ஸிங், ஒரு பழ இனிப்பு. அவரவர் தேவைக்கு ஏற்பத் தட்டில் கூட்டிக்கொள்வார்கள். அசைவம் வேண்டாதவர் கோழியை விட்டுவிடுவார், சர்க்கரை நோய் உள்ளவர் தானியத்தைக் குறைத்துக்கொள்வார்.

உங்கள் திட்டத்தில் எண்ணெய், சர்க்கரை இரண்டையும் விரட்டுவதில் இருக்கும் கவனம் நேரத்திலும் வெப்பத்திலும் இல்லை. ஒரு வேளை கொஞ்சம் எண்ணெய் கூடினால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. இரவெல்லாம் வெளியில் இருந்த சோறு 20 பேரையும் படுக்கவைத்துவிடும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இரவுச் சோறும் பூண்டு எண்ணெயும்

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். சோறு கொதித்து வெந்தாலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் இருக்கும்போது முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்குகின்றன. வாந்தியை வரவழைக்கும் அந்த நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. ஆகவே "காலையில் நன்றாகச் சூடு காட்டிவிடுகிறேன்" என்பது இங்கே பலிக்காது. கெட்ட வாசனையும் வராது, முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

சூடாக வைத்தால் ஃபிரிட்ஜ் கெட்டுவிடும் என்ற பயத்தில் பாதி சரி. ஆவி பறக்கும் பெரிய அண்டாவை அப்படியே உள்ளே வைத்தால், பக்கத்தில் இருக்கும் உணவுகளும் சூடேறும், அண்டாவின் நடுப்பகுதியும் பல மணி நேரம் ஆறாது. அதற்காகக் காலை வரை வெளியில் வைப்பது தீர்வாகாது. அகலமான தட்டுகளில் 5 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள், ஒரு மின்விசிறியைத் திருப்பிவிடுங்கள். சோறு ஒரு மணி நேரத்துக்குள்ளும் மற்ற சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்குள்ளும் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். ஃபிரிட்ஜின் உள்வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்கட்டும். இவ்வளவு மெனக்கெட வேண்டாம் என்றால் சோற்றை மட்டும் அன்று காலையில் வையுங்கள். ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். என்னைக் கேட்டால் இதுதான் நிம்மதி.

பூண்டு எண்ணெயை ஒரு வாரம் வெளியில் வைக்கவே கூடாது. பூண்டு மண்ணுக்குள் விளைவது. போட்டுலிசம் என்ற கொடிய நச்சுணவு நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் அதில் ஒட்டியிருக்கலாம். எண்ணெய்க்குள் காற்று புகாது, புளிப்பும் இல்லை. அந்தக் கிருமி கேட்பதும் இதைத்தான். அன்று காலையில் தேவையான அளவு செய்து, அன்றே தீர்த்துவிடுங்கள். மிஞ்சினால் கொட்டிவிடுங்கள்.

மேசைக்கு வந்த பிறகும் இதே கணக்குதான். சமைத்த உணவு வெளியில் இருக்கலாகும் நேரம் இரண்டு மணி. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அடுக்காமல் மூன்றில் ஒரு பங்கை வெளியே வைத்து, தீர்ந்ததும் அடுத்த கிண்ணத்தைக் கொண்டுவாருங்கள். பழைய கிண்ணத்திலேயே மேலே மேலே கொட்டினால் அடியில் கிடப்பது முதலிலிருந்தே வெயில் தின்றுகொண்டிருக்கும். தயிர் சேர்ந்தவற்றை ஐஸ் பரப்பிய தட்டின் மேல் வையுங்கள்.

சாலட் ஏன் தண்ணீர் விட்டது?

வெள்ளரி, முள்ளங்கி, தக்காளி மூன்றும் உப்பு பட்டதும் நீரை வெளியே தள்ளும். ஒரு மணி நேரம் முன்பே கலந்துவைத்தால் அடியில் குளம் கட்டிவிடும், டிரெஸ்ஸிங் நீர்த்துப்போகும், இலைகள் துவளும். வெள்ளரியின் விதைப்பகுதியைக் கரண்டியால் வழித்தெடுத்து நறுக்குங்கள். லேசாக உப்புத் தூவி 15 நிமிடம் வடிகட்டியில் வைத்து, வடிந்த நீரைக் கொட்டி, துணியால் ஒற்றி எடுங்கள். இலைகளைக் கழுவியதும் ஈரம் போகத் துடைத்தே தீர வேண்டும். ஈர இலையில் எண்ணெய் ஒட்டாது, வழுக்கிக் கிண்ணத்தின் அடிக்குப் போய்விடும். டிரெஸ்ஸிங்கைப் பரிமாறும்போதுதான் ஊற்ற வேண்டும். இந்த விருந்தில் அது தனிக் கிண்ணத்தில்தானே இருக்கப்போகிறது, பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

எண்ணெயை அறவே விலக்குவது ஆரோக்கியமல்ல. கேரட்டின் நிறமிச்சத்தையும் கீரைகளில் உள்ள வைட்டமின் கே-யையும் உடல் உறிஞ்சிக்கொள்ளக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். எண்ணெய் தொடாத சாலட்டில் அவற்றில் பெரும்பங்கு வீணாகிறது, ருசியும் இல்லாமல் கிண்ணத்திலேயே கிடக்கிறது. நான் கீழே தரும் அளவுகளில் மொத்த எண்ணெய் 270 மி.லி. தலைக்குப் பிரித்தால் ஒரு மேசைக்கரண்டிக்கும் குறைவு.

முளைகட்டிய பயறைப் பச்சையாகப் பரிமாற வேண்டாம். முளை வருவதற்கு வேண்டிய ஈரமும் கதகதப்பும் சால்மொனெல்லா, ஈ.கோலை போன்ற கிருமிகளுக்கும் விருந்து. கிருமி விதையின் மேலேயே இருக்கக்கூடும் என்பதால் வீட்டில் முளைகட்டினாலும் ஆபத்து குறையாது, கழுவினாலும் போகாது. கர்ப்பிணி, சிறு குழந்தை, முதியவர் மூவரும் கட்டாயம் தவிர்க்க வேண்டிய உணவு அது. உங்கள் விருந்தில் மூவரும் இருக்கிறார்கள். ஆவி பறக்க வேகவைத்துக் கொடுத்தால் தடையில்லை.

மேசையில் என்னென்ன, எவ்வளவு

20 பேருக்கு ஒரு கிலோ அரிசி போதும். அல்லது அதே அளவு உடைத்த கோதுமை. வெந்ததும் தலைக்குச் சுமார் 140 கிராம் சோறு வரும். மற்றவை நிறைய இருப்பதால் இதற்கு மேல் வைத்தால் மிஞ்சும்.

கொண்டைக்கடலை ஒரு கிலோ. மூன்று லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி உப்புக் கரைத்து 10 முதல் 12 மணி நேரம் ஊறவையுங்கள். உப்பு நீர் தோலை இளக்கும். பிறகு அந்த நீரைக் கொட்டி, அலசி, புது நீரில் வேகவையுங்கள். எலுமிச்சை, தக்காளி என எந்தப் புளிப்பும் வெந்த பிறகுதான் சேர வேண்டும். முன்பே சேர்த்தால் எத்தனை விசில் விட்டாலும் கடலை இறுகியே நிற்கும். வெந்தது இரண்டே கால் கிலோ அளவுக்கு வரும். சூடாக இருக்கும்போதே எலுமிச்சை டிரெஸ்ஸிங்கில் பாதியை ஊற்றிக் கிளறுங்கள். ஆறிய கடலை சாற்றை உறிஞ்சாது.

ஓவனில் வாட்டக் காய்கள் மூன்று கிலோ: கேரட், காலிஃபிளவர், குடைமிளகாய், பீட்ரூட். இரண்டரை செ.மீ. துண்டுகளாக நறுக்கி, கிலோவுக்கு 20 மி.லி. எண்ணெய் பிசறி, 220 டிகிரியில் 25 முதல் 35 நிமிடம். பலரும் சறுக்குவது தட்டை நிரப்புவதில்தான். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் வெளிவரும் ஆவியிலேயே வெந்து குழைந்துவிடும். ஓரம் பொன்னிறமாகாது, இனிப்பும் ஏறாது. இடைவெளி விட்டு ஒரே அடுக்காகப் பரப்பி, இரண்டு மூன்று தடவையாக வாட்டுங்கள். பீட்ரூட்டைத் தனித் தட்டில் வாட்டாவிட்டால் எல்லாம் சிவந்துவிடும்.

பச்சைப் பட்டாணியும் பீன்ஸும் சேர்த்து ஒன்றரை கிலோ. தளதளவென்று கொதிக்கும் நீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, பட்டாணியை இரண்டு நிமிடத்திலும் பீன்ஸை மூன்று நிமிடத்திலும் எடுத்து ஐஸ் தண்ணீரில் முக்குங்கள். நிறம் அப்படியே நிற்கும். எலுமிச்சை பட்டால் கொஞ்ச நேரத்தில் பாசி நிறமாகிவிடும், ஏனென்றால் பச்சையத்தில் உள்ள மெக்னீசியத்தைப் புளிப்பு வெளியேற்றிவிடுகிறது. ருசியில் குறையில்லை, பார்வைக்குத்தான் வாட்டம். இதற்கும் டிரெஸ்ஸிங் கடைசியில்தான். வெள்ளரி, முள்ளங்கி, இலைகள் எல்லாம் சேர்த்து இன்னொரு ஒன்றரை கிலோ.

எலும்பில்லாத கோழி இரண்டு கிலோ. 300 கிராம் தயிர், பூண்டு, மிளகு, சீரகம் சேர்த்து இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் ஊறட்டும். பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவாதீர்கள். தெறிக்கும் நீரோடு கிருமி தொட்டி, பாத்திரம், பக்கத்தில் இருக்கும் இலை எல்லாவற்றுக்கும் பரவும். அடுப்பின் சூடுதான் கிருமியைக் கொல்கிறது. தடித்த துண்டின் நடுவில் வெப்பமானி 74 டிகிரி காட்ட வேண்டும். அந்தச் சிறு வெப்பமானி இல்லையென்றால் இந்த விருந்தை முன்னிட்டு ஒன்று வாங்கிவிடுங்கள். நிறம் பார்த்து வெந்ததா என்று சொல்வது ஏமாற்றும்.

டிரெஸ்ஸிங் இரண்டு. முதலாவது: எண்ணெய் 150 மி.லி., எலுமிச்சைச் சாறு 75 மி.லி., கடுகு விழுது ஒரு மேசைக்கரண்டி, மிளகு. மூடியுள்ள பாட்டிலில் போட்டுக் குலுக்குங்கள். எண்ணெயும் சாறும் பிரியாமல் பிடித்துவைப்பது கடுகுதான், அதை விட்டுவிடாதீர்கள். இரண்டாவது: 500 கிராம் தயிரைத் துணியில் கட்டி ஃபிரிட்ஜுக்குள் இரண்டு மணி நேரம் வடியவிட்டு, 60 மி.லி. எண்ணெய், மூன்று எலுமிச்சையின் சாறு, ஒரு கட்டுப் புதினா, அரைக் கட்டுக் கொத்தமல்லி சேர்த்து அரையுங்கள்.

உப்புக்கு ஒரு உபாயம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. காலையிலேயே 8 தேக்கரண்டி உப்பை ஒரு கிண்ணத்தில் அளந்துவைத்து, எல்லாச் சமையலுக்கும் அதிலிருந்து மட்டும் எடுங்கள். தலைக்கு 2 கிராமுக்குச் சற்று மேல் வரும். வேகும் நீரில் கொட்டிக் கரைப்பதைவிட டிரெஸ்ஸிங்கிலும் வாட்டிய காயின் மேலும் போட்டால் நாக்கில் முதலில் படும், குறைவாகப் போட்டதே தெரியாது.

மாமனாருக்கு: தேனைவிட கடிகாரம் முக்கியம்

தேன் சர்க்கரைக்கு மாற்றல்ல. ஒரு மேசைக்கரண்டி தேனில் சுமார் 17 கிராம் சர்க்கரைச் சத்து, அதே கரண்டி வெள்ளைச் சர்க்கரையில் 12 முதல் 13 கிராம். தேன் கனமானது என்பதால் கரண்டிக்குக் கரண்டி பார்த்தால் தேன்தான் அதிகம். பழச்சாறும் அப்படித்தான். 250 மி.லி. ஆரஞ்சுச் சாற்றில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது, பழத்தின் நார்ச்சத்தோ சக்கையோடு போய்விடுகிறது. புதினாவும் எலுமிச்சை வில்லைகளும் மிதக்கும் குளிர்ந்த தண்ணீரை எல்லோருக்கும் வையுங்கள். முழுப் பழத்தை அளவாக அவரும் சாப்பிடலாம்.

கொண்டைக்கடலை புரதம்தானே, எவ்வளவும் சாப்பிடட்டும் என்று எழுதியிருந்தீர்கள். 100 கிராம் வெந்த கடலையில் புரதம் சுமார் 9 கிராம், மாவுச்சத்தோ 27 கிராம். சோற்றில் 28 கிராம். ஏறக்குறைய சமம்தான். கடலை நல்லது என்பதற்குக் காரணம் அந்த 27-இல் 7 கிராமுக்கு மேல் நார்ச்சத்தாக இருப்பது, சர்க்கரை மெதுவாக ஏறுவது. இரண்டையும் முழு அளவில் எடுக்காமல், கடலை எடுத்தால் சோற்றைப் பாதியாக்கட்டும். முதலில் காய், பிறகு கோழி, கடைசியில் சோறு என்று சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது குறையும்.

ஆனால் அவருக்கு உண்மையான ஆபத்து இனிப்பில் இல்லை, தாமதத்தில் இருக்கிறது. 12.30-க்குச் சாப்பாடு என்று நம்பி அவர் இன்சுலின் போட்டுக்கொள்ள, விருந்தினர் வந்து பேசி முடித்து இலை போட 2 மணி ஆனால், சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். தட்டு கண்ணுக்குத் தெரிந்த பிறகே ஊசி என்று முன்கூட்டியே அவரிடம் பேசிவைத்துக்கொள்ளுங்கள். அவருடைய இன்சுலின் வகைக்கு இது பொருந்துமா, அளவை மாற்ற வேண்டுமா என்பதை அவருடைய மருத்துவரே சொல்லட்டும், நீங்களாக மாற்றாதீர்கள். வியர்வை, நடுக்கம், குழப்பம் தெரிந்தாலோ, சோதித்ததில் 70-க்குக் கீழே இருந்தாலோ உடனே 150 மி.லி. பழச்சாறு, அல்லது தண்ணீரில் கரைத்த 15 கிராம் சர்க்கரை. 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. ஆகவே ஒரு சிறு பாட்டில் சாறு வீட்டில் இருக்கட்டும், மருந்தாக. நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் அவசர உதவியை அழையுங்கள்.

வேர்க்கடலையைப் பொறுக்கினால் போகாது

இதில் சமரசமே இல்லை. தூளும் துகளும் டிரெஸ்ஸிங்கில் ஒட்டும், கரண்டி மாறும், பக்கத்துக் கிண்ணத்துக்கும் போகும். ஒவ்வாமை கடுமையாக உள்ள குழந்தைக்கு அந்தத் துளியே போதும். அன்று வேர்க்கடலையும் அதன் எண்ணெயும் அடுக்களையிலேயே வேண்டாம். மொறுமொறுப்புக்கு வறுத்த பூசணி விதை, சூரியகாந்தி விதை போடுங்கள். கொட்டைகளைக் கையாளும் ஆலையில் பொதியப்பட்டவையா என்று உறையில் பாருங்கள். எள்ளும் மற்றக் கொட்டைகளும் ஒத்துக்கொள்ளுமா என்று பெற்றோரிடம் கேளுங்கள். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனிக் கரண்டி வைத்து, அந்தப் பெண்ணுக்கு முதலில் பரிமாறுங்கள். மருத்துவர் தந்த அட்ரினலின் ஊசி பெற்றோர் பையிலேயே இருக்கிறதா, காரில் விட்டுவந்தார்களா என்று வந்ததும் கேட்டுவிடுங்கள்.

நாத்தனாருக்குப் பச்சை முட்டை சேர்ந்த மயோனைஸ், காய்ச்சாத பாலில் செய்த சீஸ், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சூடாக்காத கோழி மூன்றும் கூடாது. லிஸ்டீரியா என்ற கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும் என்பதால் கோழியை ஆவி பறக்கச் சூடாக்கியே கொடுங்கள். குழந்தைக்குக் கடலையை விரலால் நசுக்கியும், திராட்சையை நீளவாக்கில் நான்காக அரிந்தும் வையுங்கள். பச்சைக் கேரட் துண்டு தொண்டையில் அடைக்கும், அதை வேகவைத்துத் தாருங்கள். இரண்டு வயதுக்குத் தேனால் கெடுதல் இல்லை. விருந்தினரில் யாராவது ஒரு வயது நிரம்பாத குழந்தையோடு வந்தால் அதற்கு ஒரு துளி தேனும் நாக்கில் வைக்கவிடாதீர்கள்.

இனிப்புக்குப் பழங்கள் மூன்று கிலோ. அதில் ஒரு கிலோ ஸ்ட்ராபெர்ரியை மட்டும் 190 டிகிரியில் 20 நிமிடம் ஓவனில் வாட்டினால் நீர் சுண்டிப் பாகு போல் திரளும். ஒரு கிலோ வடித்த தயிரில் ஆரஞ்சுத் தோல் துருவலும் 100 கிராம் சர்க்கரையும் கலந்து, மேலே இந்தப் பாகையும் மற்றப் பழத் துண்டுகளையும் போடுங்கள். தலைக்குச் சேர்த்த சர்க்கரை 5 கிராம்தான். பெயருக்குச் "சர்க்கரையில்லாத" கேக் செய்து யாரும் தொடாமல் போவதைவிட இது மேல்.

பூக்களில் உங்கள் தோட்டத்தில் மருந்து தெளிக்காத ரோஜா இதழ், செம்பருத்தி போடலாம். கடையில் வாங்கிய பூங்கொத்தில் பூச்சிமருந்து இருக்கும், அது உணவுக்கு அல்ல. அரளியும் டாஃபடிலும் நச்சுச் செடிகள். தட்டில் மட்டுமல்ல, உணவு இருக்கும் மேசையிலும் வேண்டாம்.

முதல் நாள் காலை தயிரை வடியவிட்டு, காய்களை நறுக்கி, கடலையை வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அதற்கு முந்தின இரவே கடலை ஊற வேண்டும். முதல் நாள் இரவு கோழி ஊறட்டும். அன்று காலை 9 மணிக்குக் காய் வாட்டல், 10.30-க்குக் கோழி, 11.30-க்குச் சோறு. இலைகளை 12 மணிக்கு மேல் கிண்ணத்தில் போட்டால் போதும்.

விருந்து முடிந்ததும் கணக்குப் பாருங்கள்: இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்ததை யாருக்கும் கட்டிக் கொடுக்காதீர்கள், அது குப்பைக்கு. ஃபிரிட்ஜிலிருந்து வெளியே வராத மூன்றில் ஒரு பங்கு இருக்குமே, அதைத் தாராளமாகக் கொடுத்தனுப்பலாம். சோற்றை மறுநாளைக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள்.